அத்தை காலத்துச் சட்டம் இப்போது இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யாங்கோனிலிருந்து எழுதுகிறேன், எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். தாயகம் திரும்பும் குடும்பங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைச் சென்னையில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் படம் பிடித்து போனில் அனுப்பியிருந்தார். வாடகை வீடு, வேலை, பிள்ளைகள் தமிழ் எழுதப் படும் பாடு எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள், நல்ல கட்டுரை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் போனதால் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இன்றைக்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே தமிழர் வீடுகளில் இந்தியாவுக்குப் போவதை ‘ஊருக்குப் போவது’ என்றுதான் சொல்வோம். நாலு தலைமுறையாக அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்குப் போய்விட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே இருக்கிறது. இந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை, 1960களில் போனவர்களைப் பார்த்து வந்தது.

என் அத்தையையே சொல்கிறேன். 1964 மார்ச்சில் பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது மாமாவின் துணிக்கடையும் போனது. அடுத்த வருடம் மூன்று பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் கப்பலேறி மெட்ராஸ் போய் இறங்கினார்கள். பிள்ளைகள் மூன்றும் ரங்கூனில் பிறந்தவை, ஆனாலும் குடியுரிமையில் ஒரு சிக்கலும் வரவில்லை. காரணம், மாமா அதற்கு வெகு காலம் முன்பே இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிந்து வைத்திருந்தார். இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவு, தானோ தாய் தந்தையோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால் வெளிநாட்டில் இருந்துகொண்டே தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம் என்றது. தகப்பன் இந்தியர் என்றால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையும் இந்தியர், அன்றைய சட்டம் அவ்வளவுதான். நாலாவது பிள்ளை 1968இல் வியாசர்பாடியில் பிறந்தது. 1950 ஜனவரி 26க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்தால், பெற்றவர்கள் எந்த நாட்டவர் என்று பார்க்காமலே குடியுரிமை உண்டு என்ற காலம் அது. 1987 ஜூலை 1 வரை அப்படித்தான் இருந்தது.

சரி, இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். எங்கள் தாத்தா தூதரகத்திலும் பதியவில்லை, பர்மாக் குடியுரிமையும் கேட்கவில்லை. அவரைப் போல எத்தனையோ பேர் இரண்டும் இல்லாமல் எஃப்ஆர்சி என்ற வெளிநாட்டவர் பதிவு அட்டையோடே செத்துப் போனார்கள். அப்பா பெரும்பாடு பட்டு இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார், அதனால் நாங்கள் பர்மாக் குடிமக்கள். 2010இல் அண்ணன் மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பர்மா பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு சென்னை போனார். அத்தை பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். அவர்களும் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்லவில்லை. விசா முடிந்தது. யாரும் கேட்கவில்லை, இவரும் போய்க் கேட்கவில்லை. பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். 2012இல் அங்கேயே ஒரு பையன் பிறந்தான். பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான், “என் பையன் மெட்ராஸ்காரன்” என்று அன்றைக்கு அண்ணன் போனில் சொன்ன சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பையன் இந்தியன் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது, ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அண்ணனும் அண்ணியும் இரண்டு பேருமே வெளிநாட்டவர்கள், அதிலும் விசா தீர்ந்தவர்கள். சட்டவிரோதக் குடியேறி என்றால் கள்ளத்தோணியில் வந்தவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முறையான பாஸ்போர்ட்டில் வந்து, விசா நாள் தாண்டித் தங்கினாலும் அதே பெயர்தான். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் குடியுரிமை கேட்டு மனுப் போடவே முடியாது. 2019இல் வந்த திருத்தம் உதவும் என்று சிலர் சொன்னார்கள், அதில் இருப்பது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான், பர்மா இல்லை.

அப்படியானால் பையன் பர்மாக்காரனா என்றால் அதுவும் இல்லை. 1982 குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பர்மா தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். அண்ணன் பதியவில்லை. மகள் கதை இன்னும் வேதனை. இங்கே பத்து வயதில் முதல் அடையாள அட்டை எடுப்போம், அவள் ஆறு வயதிலேயே போய்விட்டாள், சின்ன வயதுப் பாஸ்போர்ட்டும் எப்போதோ காலாவதி. நிரந்தரமாக நாட்டை விட்டுப் போனவர் குடியுரிமை இழப்பார் என்று அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது, இழந்தவர் திரும்பக் கேட்க முடியாது என்கிறது 22ஆவது பிரிவு. பிளஸ் டூ முடித்து நல்ல மார்க் எடுத்த பெண், கல்லூரியில் கேட்ட சான்றிதழ்களைக் கொடுக்க முடியாமல் இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். “சித்தப்பா, நான் எந்த ஊர்னு எழுதறது?” என்று அந்த விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

தாத்தாவின் எஃப்ஆர்சி அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிஸ்கட் டின்னில், அம்மாவின் தோட்டுக்கடியில். பிறந்த இடம் என்ற வரியில் திருவாடானையை எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார்கள், கீழே பெருவிரல் ரேகை மை பரவி அழிந்து கிடக்கிறது. வருடா வருடம் காசு கட்டிப் புதுப்பித்த முத்திரைகள் பின்பக்கம் முழுக்க. பழைய குப்பை என்று அண்ணி ஒரு தடவை தூக்கிப் போடப் பார்த்தார். அண்ணன் போவதற்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்திருந்தால், ஓசிஐ என்ற, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டைக்காவது முயன்றிருக்கலாம். அது குடியுரிமை இல்லை, ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் விசா கவலை இல்லாமல் தங்கலாம், படிக்கலாம், ஐந்து வருடம் அந்த அட்டையோடு இருந்து, மனுப் போடுவதற்கு முந்தைய ஒரு வருடம் இந்தியாவில் குடியிருந்தால் குடியுரிமையே கேட்கலாம். கொள்ளுப்பேரப் பிள்ளை வரைக்கும் அதில் இடம் உண்டு, அதாவது அண்ணன் பிள்ளைகள் வரைக்கும். இன்னொன்று, வேறொரு நாட்டின் குடிமகனாக இருப்பவருக்குத்தான் ஓசிஐ. இரண்டு பக்கமும் இல்லாமல் போனவனுக்கு அந்தக் கதவும் இல்லை. அதனால்தான் போகிறவர்களிடம் கையைப் பிடித்துச் சொல்கிறேன், இந்தியக் காகிதம் கைக்கு வரும் வரை பிள்ளையின் பர்மாக் காகிதத்தை சாக விடாதீர்கள்.

பெயர் விஷயமும் உண்டு. வீட்டில் தமிழ்ப் பெயர், குடும்பப் பட்டியலிலும் பள்ளியிலும் பர்மியப் பெயர், எங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பர்மியப் பெயரில் அப்பா பெயர் ஒட்டாது, அங்கே போனால் முதலில் கேட்பதே இனிஷியல். இரண்டும் ஒரே ஆள் என்று இங்கேயே எழுதி வாங்கிக்கொண்டு போவது பாதித் தலைவலியைக் குறைக்கும்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை இங்கே அமலுக்குக் கொண்டுவந்த பிறகு, பதினெட்டை நெருங்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஊர்ப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. பெற்றவர்களின் பயம் எனக்கும் புரிகிறது, நானும் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பு விசாவோ வேலை விசாவோ, எதில் போனாலும் அது தீரும் முன் நீட்டித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

டெல்லிக்கும் ஒன்று கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் மொரீசியஸ் போயிருந்த குடியரசுத் தலைவர் முர்மு, அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஏழாவது தலைமுறை வரை ஓசிஐ கிடைக்கும் என்று அறிவித்தார். ரொம்ப நல்லது. பர்மாவும் 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகத்தான் இருந்தது, எங்கள் தாத்தாக்கள் வேறு நாட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக் கப்பலேறவில்லை. அந்தச் சலுகையை எங்கள் பிள்ளைகளுக்கும் தாருங்கள். பெற்றவர்கள் விசாவை நீட்டிக்காமல் விட்டதற்குப் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையையும் சட்டவிரோதக் குடியேறி என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆறு வயதுக் குழந்தையா விசா தேதி பார்க்கும்?

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. குடியுரிமைச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரை வைத்து, எங்களுக்குப் புரியும் தமிழில், பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்து ஒரு பக்கம் எழுதிப் போடுங்கள். இங்கே போன் போனாகக் கைமாறி எல்லோரும் படித்துவிடுவார்கள். முடிந்தால் மார்ச்சுக்குள் போடுங்கள். பள்ளி லீவில் போவதற்கு எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் டிக்கெட் எடுத்துவிட்டது, இரண்டும் சுற்றுலா விசாவில்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன்