மரபணுச் சோதனை போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், யார் பூர்வகுடி என்பதைப் பேச மரபணுச் சோதனைக்கு இவ்வளவு இடம் தேவையா? 2018-இல் அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன், தனக்குப் பூர்வகுடி முன்னோர் உண்டு என்று காட்டத் தன் சோதனை முடிவை வெளியிட்டபோது, தங்கள் குடியுரிமைக்கு அது உதவாது என்று செரோக்கி பழங்குடியினரின் தன்னாட்சி அமைப்பான செரோக்கி நேஷனே சொல்லிவிட்டது. பழங்குடி உறுப்பினர்களின் பழைய பெயர்ப் பட்டியலான டாஸ் பதிவேட்டில் முன்னோர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். (அதைத் தயாரித்தது அமெரிக்க அரசு என்பது தனிக்கதை!)

அப்புறம், செரோக்கியர்கள் அடிமைகளாக வைத்திருந்த கறுப்பின மக்களின் வாரிசுகளைக் கட்டுரை மறந்தே போனது. அமெரிக்க அரசுடன் செரோக்கியர்கள் செய்த 1866 ஒப்பந்தப்படி இவர்களுக்குக் கிடைத்த செரோக்கி குடியுரிமையை, செரோக்கி நேஷன் 2007-இல் நடத்திய வாக்கெடுப்பு பறித்தது. 2017-இல் நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்டார்கள். பாட்டி சொன்ன கதையை நம்பி உரிமை கோருகிறவர்களைவிட, பதிவேட்டில் முன்னோர் பெயர் இருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட இவர்களைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வாசகர், திருச்சி