கொறங்காட்டுக்குக் கோழி எரு வேண்டாம், முத்து

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். நம்ம வீட்டு மாடு கார்த்திகையில் கிடாரிக்கன்று போட்டது. இப்போது செவலையாக இருக்கிறது, காங்கேயம் கன்று அல்லவா, ஆறு மாதம் போனால் நிறம் மாறிவிடும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோழி பிடித்து முடித்ததும் எருவைச் சும்மாவே தருகிறேன் என்கிறார், மூலனூர்க் கொறங்காட்டில், அந்த வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், இறைத்துவிட்டால் புல் நன்றாக வருமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மாப்பிள்ளை. நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்துவிட்டு இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

குட்டைக்கு மேட்டுப்பக்கம் இரண்டு ஏக்கரில் புரட்டாசி மாதம் ஆறு டிப்பர் எரு இறைத்தேன். ஐப்பசி மழைக்குப் புல் கருகருவென்று பச்சை கட்டி எழுந்தது. பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் மாட்டை உள்ளே விட்டால், மூக்கை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு எரு படாத மூலைக்கு நடந்துவிடும். அங்கே தரையோடு தரையாக மேய்ந்து தீர்த்தது, இங்கே புல் முற்றிக் கிடந்தது. அடுத்த வருஷம் கொழுக்கட்டைப் புல் தூர்களுக்கு நடுவே பார்த்தீனியமும் குப்பைக்கீரையும் இடுப்பு உயரம் வந்தன. தானாக முளைத்துப் படரும் நரிப்பயறு அந்த இரண்டு ஏக்கரில் மட்டும் கண்ணில் படவில்லை. நம் கொறங்காட்டுப் புல்லும் வெள்வேல் மரமும் ஒல்லி மண்ணுக்கும் குறைந்த மழைக்கும் பழகியவை. சத்தை அள்ளிக் கொட்டினால், சத்துக்கு அலையும் களைதான் முந்திக்கொள்கிறது.

குட்டையைச் சொன்னால்தான் உனக்கு முழுசாகப் புரியும். நாம் நீச்சல் பழகின அதே குட்டை. மார்கழியில் தண்ணீர் மேல் பச்சை பெயின்ட் ஊற்றின மாதிரி பாசி. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழவழவென்று ஒட்டியது. ஒருநாள் விடிகாலை போனால் ஜிலேபி மீன் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. பகலில் பாசி காற்றை விடும், ராத்திரியில் அதுவும் சேர்ந்து மூச்சு வாங்கும், அழுகும் பாசியும் காற்றை இழுக்கும். விடியும் நேரத்தில் தண்ணீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோய்விடுகிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். கோழித் தீவனமான மக்காச்சோளத்திலும் சோயாவிலும் இருக்கும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைக் கோழியால் செரிக்க முடியாது. அதற்கென்று தீவனத்தில் நொதி கலக்கிறார்கள், அப்படியும் நிறைய எச்சத்தில் வந்துவிடுகிறது. ஒரு டன் எருவில் தோராயமாக 25 முதல் 30 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்தும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கே. புல்லுக்கோ தழைச்சத்து மூன்று நான்கு பங்கு வேண்டுமென்றால் மணிச்சத்து ஒரு பங்கு போதும். தழைச்சத்துக்குக் கணக்குப் பார்த்து இறைத்தால் மணிச்சத்து மிஞ்சி மேல்மண்ணிலேயே தங்கும். விளைச்சல் நிலமாக இருந்தால் அறுவடையோடு கொஞ்சமாவது வெளியே போகும். கொறங்காட்டில் மாடு தின்றதில் பெரும்பங்கைச் சாணமாக அங்கேயே போட்டுவிடுகிறது. போக வழியே இல்லை முத்து. மழை பெய்தால் குட்டைக்குத்தான் போகும்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலம், கோழி எருவால் இல்லினாய் ஆறு கெட்டது என்று 2005-ல் பெரிய கோழிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. அங்கேயும் எருவை இறைத்தது பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தில்தான். மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 2023 ஜனவரியில். பதினேழு வருஷத்துக்கு மேல்! அத்தனை காலமும் மண்ணில் ஏறின மணிச்சத்து இறங்காமல் இருக்கிறது.

கால்நடைக்கும் ஆபத்து இருக்கிறது. எனக்கு இது முன்னால் தெரியாது. இறைத்த மறுவாரம் நாய் எருவைக் கிளறி ஒரு செத்த கோழியை இழுத்து வந்தது. எருவில் புதைந்த பிணத்தில் ஒரு நச்சுக் கிருமி வளரும், அது கலந்த எரு கிடக்கும் காட்டில் மேயும் மாடு பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிடும் என்று நம் மாட்டு டாக்டர் சொன்னார். இங்கிலாந்தில் இப்படி நிறைய மாடு செத்திருக்கிறது. செம்மறிக்குத் தாமிரம் ஆகாது, கோழித் தீவனத்திலிருந்து அது எருவில் வந்துவிடும். உன் பட்டியில் இருப்பது முழுக்க மயிலம்பாடிச் செம்மறி, மறந்துவிடாதே.

கோழி வளர்க்கும் உன் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது, வளர்ந்த கோழியும் கம்பெனிக்கு. ஷெட்டும் கரண்டும் உழைப்பும் அவருடையது, மிஞ்சும் எருவும் அவர் தலையில். 5,000 கோழி விட்டால் ஒரு பேட்சுக்கு ஐந்தாறு டன் வரும், வருஷத்துக்கு ஐந்தாறு பேட்ச். அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? கோழிக்குச் சொந்தக்காரர் யாரோ அவர்தான் எருவுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லத் தயார்.

உனக்கு எரு வீணாகக் கூடாது என்றால் தென்னைக்கு வாங்கிக்கொள். பச்சையாகப் போடாதே. மேட்டில், கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் தள்ளி, செத்த கோழி இல்லாமல் பொறுக்கிவிட்டுக் குவித்து வை. காய்ந்த சோளத்தட்டு, சருகு கலந்து, கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடு ஏறும். பதினைந்து நாளுக்கு ஒருதரம் புரட்டிப் போடு. மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடு, நனைந்தால் ஈ மொய்த்துவிடும். இரண்டு மூன்று மாதத்தில் நாற்றம் போய் மண்வாசனை வரும், அப்புறம் போடலாம். மண்ணையும் ஒருதரம் பரிசோதனைக்குக் கொடுத்துவிடு. போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல். நானும் கொடுத்திருக்கிறேன், முடிவு இன்னும் வரவில்லை.

கொறங்காட்டுக்கு ஏதாவது செய்தே ஆகணும் என்றால் வேலியைச் சரிபண்ணு. கிழக்குப் பக்கம் வேலியில் கிளுவைச் செடி பட்டுப்போய் இடைவெளி விட்டிருக்கிறது, போன முறை நானே பார்த்தேன். காட்டை மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டால் புல் தானாகத் தூர் கட்டும். நட்டு வைக்கக் கிளுவைப் போத்து, அதான் கிளைக்குச்சி, நம் வேலியில் நிறைய இருக்கிறது. ஒருநாள் முன்னால் சொல்லிவிட்டு வா, வெட்டிக் கட்டி வைக்கிறேன். தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
பழனிச்சாமி