போல்சானோ பக்கம் பண்ணையில தங்கணும்னா மொதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஐரோப்பா டூர் பத்தி பெருசா போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஆல்ப்ஸ் மலைன்னு வந்ததும் வழக்கம்போல ஸ்விட்சர்லாந்து, பனி, கேபிள் கார், சாக்லேட், ராத்திரிக்கு இந்தியன் ரெஸ்டாரன்ட், அவ்ளோதான். கடைசில போற போக்குல ஒரு வரி, கிராமத்து பண்ணைகள்லயும் கம்மி செலவுல தங்கலாம்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதுறேன். அத நம்பி யாராச்சும் சும்மா ஒரு ஹோட்டல் புக் பண்ற மாதிரி பண்ணிட்டு போனா பாதி பேரு கடுப்பாகித்தான் திரும்புவாங்க. சரியா பிளான் பண்ணிப் போனா அதே எடம் வேற லெவல்ல இருக்கும்.

நான் மியூனிக்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் ஈரோடு பக்கம், அப்பா மஞ்சள் போடுற விவசாயி. அவரும் அம்மாவும் இங்க வந்தப்ப சிட்டி சிட்டியா சுத்திக் காட்டுறதுல எனக்கும் இஷ்டமில்ல அவங்களுக்கும் கால் வலி, அதனால போல்சானோ ஊருக்கு மேல ரிட்டன் மலையில ஒரு பண்ணையில தங்குனோம். நான் சொல்றதெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான், ஸ்விஸ்ஸோ ஃபிரான்ஸோ எப்படின்னு வேற யாராச்சும் எழுதட்டும்.

மொதல்ல ஊரு எங்க இருக்குன்னு தெளிவாக்கிடுறேன். போல்சானோ இத்தாலியில இருக்கு. ஆனா அந்த மாகாணம், தெற்கு டிரோல், முதல் உலகப் போர் முடியுற வரைக்கும் ஆஸ்திரியாகிட்ட இருந்தது, அதனால டவுனுக்குள்ள இத்தாலியன் பேசுறவங்க ஜாஸ்தி, மலையேறி கிராமத்துக்குப் போனா பெரும்பாலும் ஜெர்மன்தான். எல்லா ஊருக்கும் ரெண்டு பேரு: போல்சானோவே போட்சன், ரிட்டன் இத்தாலியன்ல ரெனோன், ரிட்டன் மேல இருக்கற ஓபர்போட்சன்னா சோப்ராபோல்சானோ. டிக்கெட் எடுக்குறப்ப, மேப்ல தேடுறப்ப ரெண்டையும் எழுதி வெச்சுக்கணும், இல்லன்னா ஒரே ஊரை ரெண்டு ஊர்னு நெனச்சு குழம்புவீங்க. இதுல விசா விஷயமும் இருக்கு. ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா, எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் கேக்கணும். ஆஸ்திரியா மாதிரி இருக்கேன்னு ஆஸ்திரியாவுக்கு அப்ளை பண்ணக்கூடாது, பண்ணையிலதான் அதிக நாள்னா இத்தாலிக்குத்தான். ஆறு மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணலாம், பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோவுக்காவது மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேணும். தங்குற எடத்துக்கு ப்ரூஃப் வேணும்ல, பண்ணைக்காரங்க அனுப்புற மெயில்ல பெரும்பாலும் புக் பண்ணவர் பேர் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே எல்லார் பேரும் போட்டு, தேதி, முகவரியோட ஒரு லெட்டர் கேளுங்க, அனுப்பிடுவாங்க.

இப்ப பண்ணைன்னா என்னன்னு பாப்போம். இத்தாலியில 1985லயே இதுக்குன்னு சட்டம் போட்டுட்டாங்க. விவசாயம்தான் மெயின் தொழிலா இருக்கணும், ஆள் தங்க வெக்குறது பக்க வருமானம், அவ்ளோதான். தெற்கு டிரோல்ல ஒரு பண்ணைக்கு அதிகபட்சம் 8 ரூம், இல்லன்னா 5 அபார்ட்மென்ட். அங்கத்த விவசாயிகள் சங்கம் ரோட்டர் ஹான், அதாவது சிவப்புச் சேவல்னு ஒரு பிராண்டு வெச்சிருக்கு, நட்சத்திரத்துக்குப் பதிலா பூ போட்டு தரம் சொல்லுவாங்க. ஆன்லைன்ல தேடுனா பண்ணைன்னு பேரு வெச்சுக்கிட்டு நீச்சல்குளம், ஸ்பான்னு இருக்கற ஹோட்டலும் கலந்து வரும், அதுவும் மோசமில்ல, ஆனா அது வேற சமாச்சாரம். சேவல் போர்டு இருந்தா அங்க நெஜமாவே விவசாயம் நடக்குதுன்னு நம்பலாம்.

நெஜமாவே நடக்குதுன்னா என்ன அர்த்தம்னா, ரிசப்ஷன் கிடையாது, ரூம் சர்வீஸ் கிடையாது, பல எடத்துல லிஃப்ட் கிடையாது. காலையில டிராக்டர் சத்தம், சாண வாடை, ஈ, எல்லாம் உண்டு. நீங்க போய் எறங்குற நேரம் அவங்க பால் கறக்குற நேரமா இருந்தா வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும். இதெல்லாம் குறையா எழுதி ரிவ்யூல ஒரு ஸ்டார் போடுறவங்களைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, பண்ணைக்குப் போய் மாட்டு வாடை வருதுன்னா எப்படி.

இதுனாலதான் மொதல்ல மாசத்தை முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன். நம்மாளுங்க லீவு எப்ப, ஃபிளைட் எப்ப சீப்புன்னு பாத்துட்டு அப்புறம் எடம் தேடுறாங்க. பண்ணைக்கு அது சரிப்படாது, அங்க ஒவ்வொரு மாசமும் வேற வேலை நடக்கும், எத பாக்கணும்னு ஆசைப்படுறோமோ அத வெச்சுத்தான் தேதி.

ஏப்ரல்ல பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் பூ. ஐரோப்பாவுல வெளையுற ஆப்பிள்ல சுமார் பத்துல ஒரு பங்கு இந்த சின்ன மாகாணத்துலதான் வெளையுதுன்னு சொல்வாங்க, அத்தனை தோப்பும் அப்ப வெள்ளையும் ரோஸுமா இருக்கும். அந்த சமயத்துல ராத்திரி உறைபனி வந்தா என்ன பண்றாங்க தெரியுமா, ஸ்பிரிங்ளர் போட்டு பூ மேல தண்ணி அடிக்கிறாங்க. தண்ணி உறையுறப்ப கொஞ்சம் சூட்டை வெளிய விடும், அது பூவைக் காப்பாத்தும், விடியக்காலையில பாத்தா ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள்ள வெச்ச மாதிரி ஐஸுக்குள்ள இருக்கும், வெயில் ஏறி அது உருகுற வரைக்கும் தண்ணிய நிறுத்த மாட்டாங்க. பூ கெட்டுடக்கூடாதுன்னு ஐஸ் மேல ஐஸா ஊத்துறாங்கன்னு அப்பாவுக்கு போன்ல சொன்னப்ப அவர் நம்பவே இல்ல.

ஜூன்ல மொத வைக்கோல் அறுப்பு, அதாவது புல்லு அறுத்துக் காய வெக்கிறது. மலைச்சரிவுல நிக்கவே நமக்கு பயமா இருக்கும், அங்க மெஷின தள்ளிக்கிட்டுப் போயி, மெஷின் போகாத எடத்துல இன்னும் அரிவாள்தான். மழை வர்றதுக்குள்ள காய்ஞ்சத உள்ள கொண்டு போகணும்னு வீட்டுல எல்லாரும் வயல்லதான் இருப்பாங்க, அன்னிக்கு போய் பக்கத்துல என்ன பாக்கலாம்னு கேட்டு நிக்காதீங்க.

ஜூலை ஆகஸ்ட்லதான் நம்ம ஊர்க்காரங்க நிறைய வருவாங்க, புள்ளைங்களுக்கு மாடு காட்டலாம்னு. அப்பதான் பல பண்ணையில மாடே இருக்காது! ஜூன்லயே இன்னும் மேல மலை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போயிருப்பாங்க, செப்டம்பர்லதான் எறங்கும், அது ஒரு திருவிழா, மாட்டுக்கு மாலை மணியெல்லாம் கட்டி ஊருக்குள்ள கூட்டிட்டு வருவாங்க. அதனால மெயில்ல கேக்க வேண்டிய மொத கேள்வி இதுதான், நாங்க வர்ற தேதில மாடு பண்ணையில இருக்குமா மேல இருக்குமா. பால் மாடுங்கள கீழயே வெச்சிருக்கற பண்ணையும் உண்டு, கேட்டாத்தான் தெரியும். இன்னொன்னு, போல்சானோ டவுன் கடல் மட்டத்துல இருந்து 262 மீட்டர்தான், சுத்தி மலை, கோடையில கிண்ணம் மாதிரி சூடு தங்கிடும், 35 டிகிரியெல்லாம் சாதாரணம். ஆல்ப்ஸ்னா குளிரும்னு நெனச்சு பள்ளத்தாக்குல ஏசி இல்லாத ரூமை எடுத்துட்டு ராத்திரி முழுக்க ஜன்னல் தொறந்து வெச்சுக்கிட்டு கெடக்க வேணாம். கோடைன்னா ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கற பண்ணையா பாருங்க.

செப்டம்பர் அக்டோபர் என்னோட சாய்ஸ். மாடு எறங்கியிருக்கும், ஆப்பிளும் திராட்சையும் பறிப்பாங்க. அக்டோபர்ல இருந்து டோர்கெலன்னு ஒண்ணு, பண்ணை வீட்டுலயே சாப்பாடு போட்டு, புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும் குடுப்பாங்க. வாரக்கடைசில எடமே கெடைக்காது, வாரநாள்ல போங்க.

நாங்க தங்குன பண்ணையில டிரோல் சாம்பல் மாடு, பாத்ததும் அம்மா நம்ம காங்கேயம் மாட்டு நெறம்ல இருக்குன்னாங்க, கொம்பு என்னமோ சின்னதுதான். அப்பா காலையில எழுந்ததும் நேரா தொழுவத்துக்குப் போயிடுவார், பாஷை தெரியாது, அந்த வீட்டு அம்மாகிட்ட கையக் காமிச்சு தீவனம் எவ்ளோ, பால் எவ்ளோன்னு கேட்டு, அவங்க விரல விட்டுச் சொல்ல, நான் போய் நிக்கிறப்ப ரெண்டு பேரும் பாதிப் பேச்சை முடிச்சிருப்பாங்க. அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம் நெலம் எப்படி துண்டாகாம இருக்குன்னுதான். அங்க அதுக்கு சட்டமே இருக்கு, மூடிய பண்ணைன்னு பதிவாயிடுச்சுன்னா பிரிக்க முடியாது, வாரிசுல ஒருத்தருக்குத்தான் முழுசாப் போகும், மத்தவங்களுக்கு அவர் பணமா குடுக்கணும். நம்ம பக்கம் அண்ணன் தம்பி நாலு பேருன்னா வரப்பு நாலாகுது, இதைக் கேட்டுட்டு அவர் ராத்திரி வரைக்கும் அதையேதான் பேசிக்கிட்டிருந்தார், நல்லதா கெட்டதான்னு அவராலயே முடிவு பண்ண முடியல.

சாப்பாடு. சைவம்னா கிச்சன் இருக்கற அபார்ட்மென்ட்டா எடுங்க, அதுல யோசிக்கவே வேணாம். காலை, ராத்திரி சாப்பாடு சேத்து குடுக்குற எடம்னா முன்கூட்டியே மெயில்ல இறைச்சி வேணாம், ஸ்பெக் (புகை போட்ட பன்றி இறைச்சி) வேணாம், மீன் வேணாம், இறைச்சி வேக வெச்ச சூப் தண்ணியும் வேணாம்னு தனித்தனியா எழுதணும். வெஜிடேரியன்னு மட்டும் எழுதுனா க்னோடெல்ங்கிற ரொட்டி உருண்டை கீரையில செஞ்சதாத்தான் வரும், ஆனா மிதக்குறது மாட்டுச் சாறுல இருக்கலாம். ஷ்லுட்ஸ்க்ராப்ஃபன் தைரியமா கேக்கலாம், மாவுக்குள்ள கீரையும் தயிர்க்கட்டி மாதிரி ஒண்ணும் வெச்சு மடிச்சு, மேல வெண்ணெய உருக்கி ஊத்துவாங்க, மாவுல முட்டை இருக்கும், அது மட்டும் பாத்துக்கங்க. ஷுட்டல்ப்ரோட்னு அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு ஒரு கம்பு ரொட்டி, சாரி, கம்பு இல்ல, ரைங்கிற வேற தானியம், அதுல வெந்தய ஜாதிச் செடி ஒண்ணு போடுறாங்க, அம்மா மோந்து பாத்ததும் கண்டுபிடிச்சிட்டாங்க.

இந்தியாவுல இருந்து வர்றவங்க நெய், பால்கோவா எதையும் பெட்டில வெக்காதீங்க, பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு வரக்கூடாது, ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க. நெய் வேணும்னா பண்ணையிலயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கங்க, வாசனை அடிச்சுக்க முடியாது. குக்கர் கொண்டு வந்தா அடுப்பு இண்டக்‌ஷனான்னு கேட்டுக்கங்க, நம்ம அலுமினிய குக்கர் அதுல சும்மா உக்காந்திருக்கும். ஞாயித்துக்கிழமை கிராமத்துக் கடை பெரும்பாலும் மூடியிருக்கும், மத்த நாள்லயும் மதியம் மூடுவாங்க, சனிக்கிழமையே அரிசி காய்கறி வாங்கி வெச்சிடுங்க.

கார் இல்லாம முடியுமான்னா ரிட்டன் மாதிரி எடத்துக்கு தாராளமா முடியும். மியூனிக்ல இருந்து இன்ஸ்ப்ரூக், ப்ரென்னர் கணவாய் வழியா நேரடி ரயில், சுமார் நாலு மணி நேரம், இத்தாலிப் பக்கம் வெரோனாவுல இருந்து ஒன்றரை மணி நேரம். போல்சானோ ஸ்டேஷன்ல எறங்கி கொஞ்ச தூரம் நடந்தா கேபிள் கார், 12 நிமிஷத்துல கிட்டத்தட்ட 950 மீட்டர் ஏறிடும், மேல 1907ல போட்ட குட்டி ரயில் இன்னும் ஓடுது. தங்குற பண்ணை கெஸ்ட் பாஸ் குடுத்தா அந்த மாகாணத்துக்குள்ள பஸ், ரயில், இந்த கேபிள் கார் எல்லாம் ஃப்ரீ, எல்லா எடத்துலயும் குடுக்குறதில்ல, கேட்டுக்கங்க. கடைசி பஸ் எத்தன மணிக்கு, ஸ்டாப்ல இருந்து பண்ணைக்கு எவ்ளோ தூரம், ஏத்தமான்னும் கேளுங்க. மேப்ல ஒரு கிலோமீட்டர்னு காட்டும், அது பெட்டிய இழுத்துக்கிட்டு செங்குத்தா ஏறுற ஒரு கிலோமீட்டரா இருக்கும், வயசானவங்க இருந்தா ஸ்டாப்ல வந்து கூட்டிட்டுப் போவீங்களான்னு வெக்கப்படாம கேளுங்க, வருவாங்க.

மழை பேஞ்சா போல்சானோவுக்கு எறங்கி ஓட்ஸி மியூசியம். 1991ல பனிமலையில கெடச்ச, 5,000 வருஷத்துக்கு மேல பழைய மனுஷ உடம்பு, மைனஸ் 6 டிகிரில வெச்சிருக்காங்க, ஒரு சின்ன ஜன்னல் வழியா பாக்கணும். வருஷத்துல பெரும்பாலான மாசம் திங்கக்கிழமை லீவு. ரிட்டன்லயே மண் தூண்கள் இருக்கு, உச்சில கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி நிக்கும், மழை சுத்தியிருக்கற மண்ணை அரிச்சுட்டு கல்லுக்கு அடில இருக்கறத மட்டும் விட்டுடுது.

செலவு கம்மின்னு எழுதியிருந்தீங்க இல்லையா, அது பாதிதான் சரி. நாலஞ்சு பேரு, ஒரு வாரம், சொந்த சமையல்னா டவுன் ஹோட்டலை விட நல்லாவே மிச்சம். ரெண்டு பேரு ரெண்டு ராத்திரின்னா மிச்சமில்ல, பாதி எடத்துல குடுக்கவே மாட்டாங்க, கோடையில சனிக்கு சனின்னு ஒரு வாரமாத்தான் விடுவாங்க. கடைசில கிளீனிங் சார்ஜ் தனி, ஊர் வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு தனி, 14 வயசுக்குக் கீழ அந்த வரி இல்ல. அட்வான்ஸ் பேங்க் டிரான்ஸ்ஃபர்ல கேப்பாங்க, இந்தியாவுல இருந்து அது ஒரு தலைவலி, வந்து குடுக்கலாமா, கார்டு எடுப்பீங்களான்னு மெயில்லயே பேசிக்கங்க, பல பண்ணையில கார்டு மெஷினே கிடையாது.

அடுத்த தடவை இந்த மாதிரி போடுறப்ப எந்த மாசம் என்ன நடக்கும்னு ஒரு சின்ன பாக்ஸாவது சேத்துப் போடுங்க சார், நம்ம பக்கம் ஸ்கூல் லீவு மே மாசம்ங்கிறதால மே பத்தி மட்டுமாவது. அங்க மே மாசம் பூ முடிஞ்சிருக்கும், அறுப்பு ஆரம்பிச்சிருக்காது, மேல மலையில பாதி பாதை பனியில மூடியிருக்கும், ஆனா மாடு இன்னும் கீழதான் இருக்கும், கூட்டமும் கம்மி.

இப்படிக்கு,
ஈரோட்டு வாசகர் ஒருவர், மியூனிக்