லேபர் கான்ட்ராக்டர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். தயவுசெய்து படிக்கவும்.

மே தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் கோரம் (இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டு, விதிப்படி அரை மணி கழித்து, இருந்தவர்களை வைத்து நடந்தன.

இனி பாக்கி விஷயம்: நமக்கு லேபர் வேலை சொல்லும் மெயின் கான்ட்ராக்டர் தராமல் நிறுத்தும் பணம். சங்கத்துக்கு வந்த புகார்களில் பெரும்பகுதி பழைய வீடு புதுப்பிக்கும் வேலைகள். புது வீட்டில் பிளான் இருக்கும், அளவு தெரியும். பழைய வீட்டிலோ டைல்ஸைப் பெயர்த்த பிறகுதான் ஓதம் தெரியும். சுவரைக் கீறிய பிறகுதான் துருப்பிடித்த ஜி.ஐ. பைப் தெரியும். ஓனர் வாயால் ஒன்று சொல்வார். கான்ட்ராக்டர் "போடுங்கண்ணா, பாத்துக்கலாம்" என்பார். கடைசி பில்லில் சிக்குவது அந்த 'பாத்துக்கலாம்'தான்.

இதற்காகத்தான் அளவுச் சீட்டு அச்சடிக்கப்பட்டது. அச்சுச் செலவைப் பற்றி டீக்கடையில் பேச்சு அடிபட்டதாகக் கேள்வி. பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு சீட்டாவது கிழித்திருக்கிறார்கள்? மூன்று பிரதி: வெள்ளை கான்ட்ராக்டருக்கு, மஞ்சள் நமக்கு, ரோஸ் சங்கத்துக்கு. தேதி, அறை, அளவு, ரேட், எக்ஸ்ட்ரா, இரண்டு கையெழுத்து: ஆறே கட்டம். ரோஸ் நிறச் சீட்டு சங்கத்துக்கு வந்தது மிகச் சொற்பம்.

ஒரு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். தரை 8க்கு 5 அடி, டைல்ஸ் உயரம் 7 அடி. சுற்றளவு 26, சுவர் 182 சதுர அடி. கதவு இரண்டரைக்கு 7, அதாவது பதினேழரை கழித்தால் சுவர் 164½. தரை 40 சேர்த்து 204½. நம் ஆள் கதவைக் கழிக்காமல் 222 என்று பில் போடுவார். கான்ட்ராக்டர் கதவோடு வென்டிலேட்டர், கண்ணாடி மாட்டும் இடம் எல்லாம் கழிப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எதைக் கழிப்பது என்று முதல் நாள் பேசவில்லை, அவ்வளவுதான். ஷாம்பு மாடத்தின் விளிம்பை 45 டிகிரியில் சீவி ஒட்டுவது ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, தனி ரேட். அதைச் சதுர அடிக்குள் விட்டால் ஒரு ஆள் கூலி போச்சு.

பெயின்ட் வேலையில் எதைக் கழிப்பது என்ற தகராறு வந்தால், கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 அளவு முறையைக் காட்டலாம். அரை சதுர மீட்டர் வரை, சுமார் 5 சதுர அடி, கதவு, ஜன்னல் போன்ற திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். இரண்டு கோட் பட்டி, ஒரு பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் என்று ரேட் பேசிவிட்டு, அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் கேட்டால் மூன்றாவது கோட் வந்தே தீரும். அது எக்ஸ்ட்ரா கட்டத்தில் அன்றைக்கே ஏற வேண்டும்.

எலக்ட்ரிக்கல், பிளம்பிங் உறுப்பினர்களுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். உங்கள் வேலை பூச்சுக்குள் போய்விடும். சுவரில் ஜாரி (பைப் போகும் பள்ளம்) வெட்டிப் பைப் பதித்ததும், பூசுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை வைத்து போட்டோ எடுங்கள்; பிரஷர் டெஸ்ட் மீட்டரையும் எடுங்கள். ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போடும் டூ-வே சுவிட்ச் கூலிக் கணக்கில் ஒரு பாயின்டா, இரண்டா என்பதை ரேட் பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

"ஓனர் இன்னும் குடுக்கலை" என்பது பதில் ஆகாது. நமக்கு வேலை சொன்னவர் கான்ட்ராக்டர். கோபத்தில் போட்ட சுவிட்சைக் கழற்றுவது, டைல்ஸை உடைப்பது வேண்டாம். ஓனர் புகார் கொடுத்தால் சேதம் செய்த வழக்கு நம் மேல்தான் வரும், பாக்கி மறந்துபோகும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. மனு கொடுப்பது கோவையில் உள்ள வசதி மன்றத்துக்கு, அதாவது இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறை விசாரிக்கும் அமைப்புக்கு. உத்யம் பதிவு இலவசம், வேலை எடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டும். பொருளோடு சேர்த்து எடுத்த வேலையை 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், இந்தச் சட்டத்தில் வராது' என்று எதிர்த்தரப்பு வாதாடும்; சில உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்றும் இருக்கின்றன. ஆகவே லேபர் பில்லைத் தனியாகப் போடுங்கள்.

பாக்கிக்கு நீதிமன்றக் கெடு 3 ஆண்டு. செக் திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். பில்லில் 'டாக்ஸ்' என்று 5, 10 சதவீதம் பிடிப்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: பான் கொடுத்த தனிநபருக்கு டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) 1 சதவீதம்தான். பிடித்ததை உங்கள் பெயரில் கட்டினாரா என்று வருமான வரித் துறையின் வரிப் பதிவில் (26 ஏ.எஸ்.) பாருங்கள்.

இத்தனையும் மாதக் கூட்டங்களில் சொல்லப்பட்டது. கேட்க ஆள்தான் இல்லை. பணம் நின்றுபோனால் மட்டும் இரவு பத்து மணிக்கு போன் வருகிறது. சீட்டு உண்டா என்றால் இல்லை. சந்தா கட்டியாயிற்றா என்றால் "நாளைக்கு". கான்ட்ராக்டர் சொல்லும் அதே நாளை.

வரவு செலவு சங்கத்தின் நிலைக்கு ஏற்ப உள்ளது. வாடகை, அச்சு, முகாம் செலவு போகக் கையிருப்பு சிறிது உண்டு. விவரம் பொருளாளரிடம் பார்க்கலாம். தணிக்கை செய்தவருக்கும், முகாமுக்கு மண்டபம் தந்தவருக்கும், டீ கொடுத்து உதவிய கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் சீட்டு புதிதாக அச்சடிக்க வேண்டாம். பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கிறது. பாக்கிப் புகார் எடுக்கும் முன் சந்தா ரசீதும் மஞ்சள் சீட்டும் கேட்பது என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். இதைவிட நன்றாக நடத்தத் தெரிந்தவர் யாராவது முன்வந்தால் பீரோ சாவியை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால் பொருளாளர் வாசலோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜிபேவும் வாங்குவார்.

செயலாளர்