வயிறு சரியாக எத்தனை நாள் ஆகும்?

திருநெல்வேலி
9.2.2025

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, இரத்தப் பரிசோதனை எதிலும் குறையில்லை என்று தெரிந்த பிறகும் வயிற்றுவலியும் போக்கும் நிற்கவில்லை என்றும், வீட்டில் எல்லோரும் 'மனப்பிரமை' என்று பேசத் தொடங்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அந்தச் சொல்லைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். ஆகையால் அதற்கு முதலில் பதில் எழுதிவிட்டு, எத்தனை நாளில் சரியாகும் என்ற உன் கேள்விக்கு வருகிறேன்.

எண்டோஸ்கோப்பி குடலின் உட்சுவரைக் காட்டும். புண்ணோ கட்டியோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் குடல் எந்த வேகத்தில் சுருங்கி விரிகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பதை அந்தக் கருவியால் பார்க்க முடியாது. பிறர் வயிற்றில் சுவடின்றிக் கடந்துபோகும் சிறிதளவு வாயு நமக்கு வலியாகத் தெரிவது அந்த நரம்புகளின் கூர்மையால்தான். ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோய் போன்ற, உறுப்பில் புண்ணோ கட்டியோ இல்லாமல் அதன் இயக்கத்தில் ஏற்படும் கோளாறுகளைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பில் ஏற்படும் கோளாறுகள் என்றே, குடல்நோய் வல்லுநர்கள் வகுத்து 2016இல் வெளியான ரோம் வரையறை குறிப்பிடுகிறது. நம் விடுதியில் தேர்வு நாள் காலையில் கழிப்பறை வாசலில் வரிசை எவ்வளவு நீளும் என்பது உனக்கு நினைவிருக்கும். வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்ன யாரையும் பொய் சொல்கிறாள் என்று நாம் நினைத்ததில்லையே.

எனக்கு இது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு தொடங்கியது. காய்ச்சலும் போக்கும் ஐந்து நாளில் நின்றன; வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து நான் மருத்துவரிடம் அழாத குறையாகக் கேட்டபோது, அவர் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரைப் பற்றிச் சொன்னார். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்களை மருத்துவர்கள் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அப்போது வயிற்றுப்போக்கு கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் ஐபிஎஸ் இருந்தது. எட்டாம் ஆண்டில் அது ஏறத்தாழ 15 விழுக்காடாகக் குறைந்திருந்தது. முதலில் எனக்கு இது இடியாகத்தான் இருந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில், இது நாள் கணக்கில் தீரும் நோயன்று, ஆனாலும் பலருக்குத் தணிகிற நோய் என்று புரிந்தபோது, வாரத்துக்கொரு மருத்துவரைத் தேடி ஓடுவதை அன்றோடு நிறுத்தினேன்.

உணவில்தான் நான் பெரிய தவறு செய்தேன். பருப்பு, பால், கத்தரிக்காய், மிளகாய் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் கஞ்சியும் இட்லியும் மட்டும் தின்று ஆறு கிலோ இளைத்தேன். நீயும் அந்த வழியில்தான் போகிறாய் என்று உன் கடிதத்திலிருந்து தெரிகிறது, தயவுசெய்து நிறுத்து. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறைப்படி, குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும் சில மாவுச்சத்து வகைகளை இரண்டு முதல் ஆறு வாரம் மட்டுமே விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று குறித்துவைக்க வேண்டும். உணவியல் வல்லுநர் ஒருவரின் துணையோடு இதைச் செய்தபோதுதான், மிளகாயைவிட வெங்காயமும் பூண்டும், உடம்புக்கு நல்லது என்று இரவில் சாப்பிட்டு வந்த கோதுமைச் சப்பாத்தியும்தான் எனக்குத் தொல்லை கொடுத்தன என்று அறிந்தேன். அரிசிச் சோறு ஒன்றும் செய்யவில்லை. பூண்டில் உள்ள அந்தச் சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் கொதித்த பூண்டை எடுத்துப் போடுவதில் பயனில்லை, ஆனால் நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணமும் கிடைக்கும், வயிறும் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பேருந்துப் பயணம். ஒன்றேகால் மணி நேரம் வழியில் இறங்க முடியாதே என்ற அச்சத்தில் நான் காலையில் சாப்பிடாமலே பள்ளிக்குப் போனேன். உணவு இரைப்பையில் விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகு, விடியற்காலை ஐந்தரைக்கே சாப்பிட்டு, அந்த அசைவு வீட்டிலேயே முடியும்படி ஒரு மணி நேரம் விட்டுக் கிளம்பினேன். எந்த மாத்திரையையும்விட இதுவே எனக்கு வெளியுலகத்தைத் திருப்பித் தந்தது.

மாத்திரையும் எடுத்தேன். மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்று எழுதித் தந்தபோது, மனச்சோர்வுக்கான மருந்தாயிற்றே என்று மறுத்தேன். மிகக் குறைந்த அளவில் அது குடல் நரம்புகளின் கூர்மையைத் தணிக்கிறது என்றும், இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில் அது பலனளித்தது என்றும் அவர் பொறுமையாகச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டேன். முதல் சில வாரங்கள் நாக்கு வறண்டது, தூக்கம் அழுத்தியது; வலி குறைய இரண்டு மாதம் பிடித்தது. உன் மருத்துவரிடம் கேள். நீயாக வாங்கிச் சாப்பிடாதே.

எட்டாம் மாதத்தில் ஏறக்குறைய நலமாக இருந்தேன். பிறகு அம்மா படுத்த படுக்கையானபோது எல்லாம் திரும்பி வந்தது, ஆனால் இம்முறை ஆறு வாரத்தில் அடங்கியது. இப்போது மாதத்தில் இரண்டு மூன்று நாள் தொல்லை உண்டு. ஆனாலும் போன மாதம் சென்னைக்குப் பகல் ரயிலில் தனியாகப் போய்வந்தேன்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, இரவில் வயிறு உன்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, இரத்தசோகை என்று சொன்னாலோ, பழைய பரிசோதனைகளைக் காட்டிச் சும்மா இருந்துவிடாமல் உடனே மருத்துவரைப் பார்.

பங்குனியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அதுவரை என்ன சாப்பிட்டாய், எப்போது வலித்தது, அன்று மனம் எப்படி இருந்தது என்று தினமும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வரும்போது கொண்டு வா. இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். பூண்டு போடாத மிளகு ரசம் வைத்துக் காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
கல்யாணி