சனிக்கிழமை கொல்லிமலை: எல்லோரும் படிக்கவும்

அத்தை, சித்தப்பா, பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். ஏலகிரிக் கூடாரத்தைப் பற்றிப் பிள்ளைகள் இன்னும் பேசி ஓயவில்லை. அடுத்தது கொல்லிமலை. விடியற்காலை 5 மணிக்கு வேன் கிளம்பும். காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள், அதனால் காலையில் இரண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ராத்திரி குளிரும், போர்வை அவசியம்.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். பாட்டியை இறக்க வேண்டாம்; அறப்பளீஸ்வரர் கோயிலில் நான் துணைக்கு இருக்கிறேன்.

அப்புறம் சாப்பாடு. போன முறை சித்தி மூன்று கல் கூட்டி வைத்த மிளகு ரசம், புகை வாசனையோடு, இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. சித்தி, இந்த முறையும் அதேதான் வேண்டும்! மலையில் இப்போது பலாப்பழக் காலம். பிசின் ஒட்டாமல் இருக்க நல்லெண்ணெய் நான் கொண்டுவருகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள்.