சிறு கட்டையை விரலால் பிடிக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நகைப்பெட்டிக்காக நீ வெட்டிய சட்டங்களின் படங்களைப் பார்த்தேன். மூட்டுகள் முடி நுழைய இடமில்லாமல் சேர்ந்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் கடைசிப் படத்தில், மூன்று அங்குலத் தேக்குத் துண்டை இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்து, சுழலும் வெட்டுமுனை மேலே நீட்டியிருக்கும் ரூட்டர் மேசையில் நீ தள்ளுவதைக் கண்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் இடது ஆள்காட்டி விரல் நகம் கோணலானதற்கு உளி பட்டதே காரணம் என்று உன் சிறு வயதில் சொல்லியிருந்தேன். உண்மை அதுவன்று. சன்னல் கதவுக்காக ஒரு சாண்கூட இல்லாத கட்டையில் கழுந்து (அடுத்த கட்டையின் துளைக்குள் நுழையும் முனை) வெட்டியபோது, பிட், அதாவது ரூட்டரின் வெட்டுமுனை, அதன் ஓரத்தைக் கவ்வி வீசியது. கட்டை சுவரில் மோதிய சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தபோது, அது இருந்த இடத்தில் என் விரல் இருந்தது. பிடி தளர்ந்ததால் அப்படி நடக்கவில்லை. நான் இறுக்கிப் பிடித்திருந்ததால்தான் கட்டை போன வழியிலேயே கையும் போனது.

மேசைக்கு மேல் வட்ட வாள் நீட்டியிருக்கும் டேபிள் சாவில், பத்து அங்குல வாள் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பல் மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீளமான கட்டை தன் எடையாலும் மேசையில் படியும் பரப்பாலும் அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். சிறு துண்டுக்கு இரண்டும் இல்லை என்பதோடு, பிட்டைச் சுற்றியுள்ள பள்ளத்துக்குள் அது சாய்ந்துவிடவும் கூடும். ஆகவே ஓர் அடிக்குக் குறைந்த எதையும் கையால் மட்டும் பிடித்து இயந்திரத்தில் கொடுக்காதே.

உன் சட்டங்களுக்கு நான் சொல்லும் வழி இது. துண்டுகளாக அறுக்காமல் இரண்டடி நீளக் குச்சியாகவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையில் இரண்டு கழுந்துகளுக்கான நீளத்தோடு கைவாள் வெட்டுக்கான கனத்தையும் சேர்த்துக் கோடு கீறு. டேபிள் சாவில், வாளை நோக்கித் தள்ளும் சறுக்குப் பலகையின் மேல் குச்சியைக் கிளாம்பால் இறுக்கி, இரு முகங்களிலும் அந்த இடத்தைப் பள்ளமாக எடுத்த பின், பள்ளத்தின் நடுவே கைவாளால் அறுத்தால் ஒரே அறுப்பில் இரண்டு கழுந்துகள் கிடைக்கும். இயந்திரம் ஓடும் வரை உன் கையில் இருப்பது நீளக் குச்சிதான்.

ஏற்கெனவே துண்டாகிவிட்ட கட்டைகளுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு தாங்கு பலகை செய். அதில் மூலைமட்டத்துக்குச் சரியாக ஒரு கட்டையைப் பதித்து, அதன் முகத்தில் உப்புத்தாளை ஒட்டி, மேலிருந்து அழுத்த ஒரு கிளாம்பைப் பொருத்து. துண்டின் பின்னால் நிற்கும் அந்தக் கட்டை பிட்டின் பாதை வரை நீண்டிருந்தால், பிட் வெளியேறும் ஓரம் பிசிறாமலும் இருக்கும். மூலையில் மரத்தூள் சேர்ந்தால் துண்டு நேராக உட்காராது, கழுந்தின் தோள் (அது தொடங்கும் படி) கோணிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் தூரிகையால் துடைத்துவிடு.

ரூட்டர் மேசையில் ஃபென்ஸுக்கு (கட்டையை நேராக வழிநடத்தும் சட்டம்) முன்னால் நின்று வலமிருந்து இடமாகத் தள்ளு. திசை மாறினால் பிட்டே கட்டையைப் பிடுங்கிக்கொள்ளும். டேபிள் சாவில் ஃபென்ஸை அளவுக்காக வைத்துத் துண்டை முழுவதும் அறுக்கவே கூடாது. அறுந்த துண்டு வாளுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் சிக்கி உன் மேலேயே பாயும். அளவு வேண்டுமானால், துண்டு வாளைத் தொடும் முன்பே விலகிவிடும் தூரத்தில், ஃபென்ஸின் முன்பகுதியில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கிக்கொள். கையுறை வேண்டாம், நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். அறுந்த சிறு துண்டு வாளருகில் கிடந்தால், வாள் முழுவதும் நின்ற பிறகே எடு.

தாங்கு பலகை செய்ய ஒரு மாலை போதும், அம்மா. வாடிக்கையாளர் பெட்டிக்கு அவசரப்படுத்தினால் நான் பேசிக்கொள்கிறேன். நாளைய பார்சலில் என் இரண்டு கிளாம்புகளும் தேக்கும் வரும். வழக்கமாக அளவுக்கு அறுத்து அனுப்புவேன் அல்லவா. இந்த முறை முழு நீளமாகவே கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா